அத்தை கேமராவுக்குச் சொன்னது

தோட்டப் பள்ளியில் என்னோடு படித்தவர்களே, போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஜப்பான் யுத்தத்தைக் காட்டும் பழைய சண்டைப் படம் ஒன்றின் துண்டை அனுப்பி, 'பாருங்க லா, நம்ம தோட்டம்' என்று கீழே எழுதியிருந்தார். இப்போது செண்டாயான் பக்கம் மாடி வீடுகளாக நிற்கும் அந்த இடத்தில், நம் ரப்பர் புகை வீடும் திடலும் அரை நிமிடம் தெரிந்தன. கூட்டத்திலிருந்து ஒரு பெண் முன்னால் வந்து கத்துகிறாள். யார் இந்தம்மா என்று ஆளுக்கு ஆள் கேட்டீர்கள். அவள் என் அத்தை. அப்பாவின் தங்கை.

அவள் எதிரே கம்போடு நிற்கிறவர் நம் பெரிய கங்காணி. அவரை மட்டும் எல்லாருக்கும் அடையாளம் தெரிந்தது. 'அவரும் பாவம், போய்ச் சேர்ந்துட்டாரு, பழசை எதுக்குக் கிளறணும்' என்று ஒருவர் எழுத, பத்துப் பேர் கைகூப்பும் படம் போட்டீர்கள். உங்களில் பாதிப் பேர் அந்தப் படம் வருவதற்கு முன்பே வேறு தோட்டங்களுக்குப் போய்விட்டீர்கள். மீதிப் பேருக்கு மறந்துவிட்டது, அல்லது மறந்தது மாதிரி இருப்பது வசதியாக இருக்கிறது. எனக்கு எழுபது தாண்டிவிட்டது, சர்க்கரை, பிரஷர் எல்லாம் உண்டு. ஆனால் கங்காணியைப் பாவம் என்று சொன்னால் பொறுத்துக்கொண்டு போகிற குணம் மட்டும் இன்னும் வரவில்லை. கிளறத்தான் போகிறேன்.

அத்தைக்குக் கல்யாணமாகித் தலைத் தீபாவளிகூட வரவில்லை. ஜப்பான்காரன் ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்ட காலம் அது. எங்கள் தோட்டத்தில் யார் போக வேண்டும் என்று கைகாட்டியவர் கங்காணி. ஒருநாள் ஜப்பான்காரன் கங்காணியின் தம்பியையே பெயர் சொல்லிக் கேட்டுவிட்டான். கங்காணிக்குப் பிள்ளைகள் இல்லை, அந்தத் தம்பியைத்தான் மகனாக வளர்த்தார். அன்று விடியற்காலையில் அவனைத் தம்பின் பட்டணத்துக்கு அரிசி வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டு, வேறு தோட்டத்திலிருந்து மாப்பிள்ளையாக வந்து சேர்ந்திருந்த என் மாமாவைத் தோளைப் பிடித்து நிறுத்தி, இவன்தான் என் தம்பி என்று காட்டினார். துப்பாக்கி முன்னால் யார் வாய் திறப்பார்கள்? மூன்று மாதத்தில் வந்துவிடலாம், உன் பெண்டாட்டிக்கு நான் பொறுப்பு என்று மாமாவின் காதில் சொல்லி லோரியில் ஏற்றினார். பக்கத்தில் நின்ற அத்தைக்கு அது கேட்டது. தம்பியின் காதில் இது விழுந்தால் தோட்டத்தில் இருக்க முடியாது என்று கங்காணி சொல்லிவைத்தார், அவன் திரும்பி வந்த பிறகும் யாரும் மூச்சு விடவில்லை.

சண்டை முடிந்து எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குத் திரும்பி வந்தவர் ஒரே ஒருவர்தான். உடம்பெல்லாம் புண், காலை ஊன்ற முடியாது. மாமா காலராவில் போனதைத் தன் கண்ணால் பார்த்தேன் என்று அத்தையிடமும் சொன்னார், கங்காணியிடமும் சொன்னார். சில நாளில் அவரும் போய்விட்டார். உடனே கங்காணி, அந்த ஆள் காய்ச்சலில் பிதற்றினான், மாப்பிள்ளை உயிரோடுதான் இருக்கிறான், அங்கேயே ஒரு சயாம்காரியைச் சேர்த்துக்கொண்டான், பார்த்தவர்கள் என்னிடம் சொன்னார்கள் என்று ஒரு கதையைக் கட்டிவிட்டார். செத்தான் என்றால் அனுப்பியவர் யார் என்ற கேள்வி வரும். ஓடிப்போனான் என்றால் கேள்வி அவனோடு போய்விடும்.

அந்தக் கதைக்குள் அத்தை பதினெட்டு, பத்தொன்பது வருஷம் குடியிருந்தாள். கருமாதி செய்யலாம் என்று கேட்டால், உயிரோடு இருப்பவனுக்குக் கருமாதி செய்தால் தோட்டத்துக்கே ஆகாது என்று கங்காணி தடுத்துவிடுவார். கோயில் அவர் கையில் இருந்தது. கல்யாண வீட்டில் பெண்கள் அவளை ஆரத்தி எடுக்கவும் கூப்பிட மாட்டார்கள், ஒதுங்கி நில் என்றும் சொல்ல மாட்டார்கள். தண்ணிக் குழாயடியில் ஆண்கள், சயாமிலிருந்து கடுதாசி வந்துச்சா என்று கிண்டல் செய்வார்கள். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு வருவாள். மாமா குடித்த வெள்ளை மங்குக் கோப்பையைத் தினமும் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். ஓரத்தில் நீலப் பூச்சு உதிர்ந்த அந்தக் கோப்பை பிறகு எந்த வீடு மாறும்போது தொலைந்தது என்று எனக்கு நினைவில்லை.

நான் நான்காவதோ ஐந்தாவதோ படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலைப் பெரட்டில், ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் நேரத்தில், கிராணி ஒரு செய்தி சொன்னார். ஆபீசில் கணக்கெழுதும் அந்தக் கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். மடிப்புக் கலையாத வெள்ளைக் கால்சட்டை, தடித்த கண்ணாடி, யாரோடும் ஒட்டாத பேச்சு. வெளிநாட்டிலிருந்து வெள்ளைக்காரர்கள் ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிப் படம் எடுக்க வருகிறார்கள், அந்தக் காலத்தைப் பார்த்தவர்களும் சயாமுக்குப் போனவர்களின் வீட்டு ஆட்களும் ஞாயிற்றுக்கிழமை திடலுக்கு வரலாம் என்றார்.

இதில்தான் எங்கள் ஆட்கள் ஒரு தப்புக் கணக்குப் போட்டார்கள். சண்டை முடிந்த புதிதில், சயாமில் செத்தவர்களைப் பற்றி விசாரிக்க வெள்ளைக்கார அதிகாரிகள் வருவார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. யாரும் வரவில்லை. அந்த விசாரணை இப்போதுதான் வருகிறது என்று லயத்தில் முக்கால்வாசிப் பேர் நம்பினார்கள். படம் எடுப்பது என்றால் சாட்சிக்கு எடுப்பது என்று நினைத்துக்கொண்டார்கள். 'இத்தனை வருஷம் கழிச்சாவது கேக்க வந்துருக்காங்கல்ல' என்று அத்தை என் அம்மாவிடம் சொன்னாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்த வாரம் முழுக்கச் சாயங்காலத்தில் என்னை எதிரில் உட்காரவைத்து, என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எதை முதலில் சொல்வது, எங்கே நிறுத்துவது என்று மாற்றி மாற்றி யோசித்தாள். எனக்கே அது மனப்பாடம் ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அத்தை கூறைச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். தகரப் பெட்டிக்குள்ளேயே கிடந்து மடிப்பு மடிப்பாக இற்றுப்போன சிவப்புச் சேலை. கட்டினவருக்குப் பெண்டாட்டியாகத்தான் வந்து நிற்கிறேன் என்று அதிகாரிக்குத் தெரிய வேண்டுமாம். திடலில் இருந்த படக்காரப் பெண் ஒருத்தி அந்தச் சேலையை அவிழ்க்கச் சொல்லிவிட்டு ஒரு சாக்கை நீட்டினாள். ஜப்பான்காரன் காலத்தில் துணி கிடைக்காமல் நம் ஆட்கள் சாக்கு உடுத்தியதை எங்கேயோ படித்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கொண்டு வந்தது புதுச் சாக்கு, எண்ணெய் வாசம் அடித்தது. 'எங்க சாக்குல பேன் இருந்துச்சு' என்று மட்டும் அத்தை சொன்னாள். அதிகாரி சொன்னால் எதையும் உடுத்தலாம் என்று அதையும் உடுத்திக்கொண்டாள். எனக்கும் ஒரு சின்னச் சாக்கு கிடைத்தது. நான் அவள் மகளாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

படம் வந்த பிறகுதான் தெரிந்தது, அது எங்களைப் பற்றியதே இல்லை. ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி காட்டு வழியாகத் தப்பி ஓடுகிற கதை அது. அவர் ஒரு பால்மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்போது தூரத்தில் தெரிகிற கூட்டம்தான் நாங்கள். சயாமில் நம் ஆட்கள் எத்தனை எத்தனை பேர் செத்தார்கள் என்று இன்றுவரை எந்தச் சண்டைப் படத்திலும் நான் பார்க்கவில்லை. வெள்ளைக்காரர் செத்தால் பின்னால் வாத்தியம் வாசிக்கிறார்கள். நாம் கூட்டமாக நின்று கூட்டமாகவே மறைந்துவிடுகிறோம்.

ஜப்பான் அதிகாரியாக நடித்தவர் சிரம்பானில் கடை வைத்திருந்த ஒரு சீனர். ஜப்பான்காரன் தன் அண்ணனைக் கொண்டுபோய்க் கொன்றான் என்று அவர் எல்லாரிடமும் சொன்னார். ஒவ்வொரு தடவை அந்த உடுப்பில் நின்றுவிட்டு வந்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். அவர் பக்கத்தில் நின்று ஆட்களைக் கைகாட்டுகிற வேஷத்துக்கு, மீசையும் தொப்பையும் பார்த்துப் படத்துரை தேர்ந்தெடுத்தது நம் கங்காணியை. படம் எடுக்கிற வெள்ளைக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் படத்துரை. கங்காணிக்கு ஒரே சந்தோஷம். என்ன பேசுவது என்று அவர் கேட்க, உங்கள் மொழியில் எதையாவது பேசுங்கள், யாருக்கும் புரியப் போவதில்லை என்று படத்துரை சொன்னதாகக் கிராணி மொழிபெயர்த்தார்.

அத்தை கிராணியிடம் போய், யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். அவர் கண்ணாடி வழியாக அவளை ஒரு கணம் பார்த்தார். இது வெறும் சினிமா என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் கேமராவைக் காட்டி, 'அதைப் பாத்துச் சொல்லு பிள்ளை' என்றார். அவளைக் கேலி செய்கிறார் என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

கேமரா ஓடியது. கங்காணி மீசையை முறுக்கிவிட்டு வரிசையில் நின்ற ஓர் ஆளைக் கம்பால் தொட்டார். நடிப்புக்கு என்று அவர் ஒன்றும் யோசிக்கவில்லை. வாயில் பழகிக் கிடந்தது தானாக வந்தது. 'மூணு மாசந்தான். போயிட்டு வந்துருவ. உன் பொண்டாட்டிக்கு நான் பொறுப்பு' என்றார். என் கையைப் பிடித்திருந்த அத்தையின் கை இறுகியதில் எனக்கு வலித்தது. சுற்றி நின்ற பெண்களை அழுது கூச்சல் போடச் சொல்லியிருந்தார்கள், அவர்களும் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கு நடுவில் அத்தை என்னை இழுத்துக்கொண்டு கங்காணிக்கு நேராகப் போய் நின்றாள். நீளக் கம்பில் மைக்கைக் கட்டிப் பிடித்திருந்த ஆள் அவள் தலைக்கு மேலேயே வந்துவிட்டான். அவள் கங்காணியைக் கை நீட்டிக் காட்டிவிட்டு, முகத்தைக் கேமராவுக்குத் திருப்பிச் சொன்னாள்.

"எம் புருஷன் ஓடிப் போகல. இந்தாளு, தம்பியைத் தம்பினுக்கு அரிசி வாங்க அனுப்பிட்டு, எம் புருஷனைத் தன் தம்பின்னு பொய் சொல்லி ஜப்பான்காரன் லோரியில ஏத்துனான். அவரு சயாம்ல காலரா கண்டு செத்தாரு. அது இவனுக்குத் தெரியும். தெரிஞ்சும் சயாம்காரியைக் கட்டிக்கிட்டாருன்னு ஊரெல்லாம் சொன்னான். செத்தவருக்கு ஒரு கை எள்ளுத்தண்ணி எறைக்க விட்டானான்னு கேளுங்க."

கங்காணியின் கம்பு நழுவியது. படத்துரை நாற்காலியிலிருந்து எழுந்து கை தட்டினார். ரொம்ப நன்றாக இருந்தது, இன்னொரு தடவை வேண்டும் என்றார். அத்தைக்குத் திருப்தி. உண்மையான விசாரணையில் இரண்டாம் தடவையும் கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியுமாம். இரண்டாம் தடவையும் ஒரு சொல் மாறாமல் சொன்னாள். தோட்டத்துரை குடை நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததால் கங்காணியால் நகர முடியவில்லை. நின்று முழுக்கக் கேட்டார். அந்தக் கூச்சலில் அத்தை சொன்னது பக்கத்தில் நின்ற இரண்டு மூன்று பேருக்குத்தான் விளங்கியது. அவர்களும் கங்காணிக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டார்கள். கங்காணியின் தம்பி அன்றைக்கு ரப்பர் லோரியோடு போர்ட்டிக்சனுக்குப் போயிருந்தான்.

படத்துரை கிராணியைக் கூப்பிட்டு, அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கு அப்போது தெரிந்த இங்கிலீஷ் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் 'பிளீஸ்' இருந்தது, 'ஹஸ்பண்ட்' இருந்தது. கிராணி அந்த இரண்டையும் சொல்லி, கெஞ்சுகிற மாதிரி கையையும் காட்டினார். படத்துரை உருகிப்போய்த் தலையாட்டினார். என் அத்தை எங்கே கெஞ்சினாள்? ஓடிப்போய் அவளிடம் சொல்லிவிட்டேன்.

அதிலிருந்து கிராணி வருகிற வழியில் அத்தை காறித் துப்புவாள். வெள்ளைக்காரன் வால் என்று அவர் காதுபடத் திட்டுவாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார். விசாரணை முடிவு வரும் என்று அத்தை பல மாதம் காத்திருந்தாள். கடைசியில் அப்பாதான் அவளை உட்காரவைத்து, அது சினிமா, கொட்டகையில் ஓட்டுவார்கள், அவ்வளவுதான் என்று புரியவைத்தார். அன்று படுத்தவள் சில நாள் பால் வெட்டப் போகவில்லை. திரும்பிப் போன முதல் நாள், பெரட்டில் எல்லாருக்கும் முன்னால் கங்காணி அவளைப் பார்த்து, 'நடிப்பு நல்லா இருந்துச்சு லா' என்றார். ஆட்கள் சிரித்தார்கள். என் அப்பாவும் சிரித்து வைத்தார். அதை நான் மறக்கவில்லை, அப்பாவையும் முழுசாக மன்னிக்கவில்லை.

படம் சிரம்பானுக்கு வந்தது. கங்காணி தோட்டத்து லோரிகளைக் கேட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சிக்குத் தோட்டத்தையே ஏற்றிக்கொண்டு போனார். தான் நடித்த படம் அல்லவா? அவ்வளவு துணிச்சலாக எப்படிக் கூட்டிக்கொண்டு போனார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. அத்தை வர மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள். கிராணி முதல் தடவையாக எங்கள் லயத்துக்கு வந்தார். வாசலுக்கு வெளியே நின்றபடியே, 'வராமல் விட்டிடாதை பிள்ளை' என்றார். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா அவளை லோரியில் ஏற்றிவிடுவதற்குள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கொட்டகையில் கச்சான் கடலைத் தோல் காலடியில் நொறுங்கியது. காற்றாடி சுற்றியும் வேர்த்து ஊற்றியது. எங்கள் ஆட்கள் மட்டுமில்லை, பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் வந்திருந்தார்கள். கங்காணி பட்டு ஜிப்பா போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் தம்பி. வெள்ளைக்காரர் பாதிப் படம் ஓடி முடித்ததும் எங்கள் திடல் வந்தது. அவரவர் முகத்தை அவரவர் கண்டுபிடித்துக் கத்தினார்கள். கங்காணி திரையில் வந்ததும் விசில் பறந்தது, அவர் பாதி எழுந்து கும்பிட்டார். கும்பிட்ட கை இறங்குவதற்குள் அத்தையின் முகம் திரை முழுக்க வந்து நின்றது.

வாத்தியம் எதுவும் இல்லை. அவள் குரல் மட்டும். எம் புருஷன் ஓடிப் போகல என்று தொடங்கியது. ஒரு சொல் விடாமல் எல்லாம் வந்தது. முதல் வரியிலேயே கொட்டகை அடங்கிவிட்டது. சயாமுக்கு ஆள் கொடுக்காத வீடு அங்கே ஏது? எள்ளுத்தண்ணி என்று அவள் சொன்னபோது பின்னால் யாரோ ஒரு கிழவர் விம்மியது கேட்டது. படம் மறுபடி வெள்ளைக்காரரிடம் போனது, ஆனால் யாரும் அதைப் பார்க்கவில்லை. தம்பி எழுந்து நின்றிருந்தான். அவன் தலையின் நிழல் திரையில் விழுந்தது.

"அண்ணே, அன்னைக்கு என்னைத் தம்பினுக்கு அனுப்புனது அரிசிக்கா?" என்று கேட்டான்.

கங்காணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி இன்னும் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு வெளியே போனான். அன்றே தன் துணிமணிகளை எடுத்துக்கொண்டு தம்பின் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு அண்ணன் வீட்டு வாசலை அவன் மிதிக்கவே இல்லை.

கொட்டகை வாசலில் அத்தை கிராணியைத் தேடிப் போனாள். இவ்வளவு நாள் துப்பியதற்கு என்ன சொல்வது என்று தெரியாமல் அவர் முன்னால் நின்றாள். அவர்தான் பேசினார். உண்மையைச் சொல்லியிருந்தால் படத்துரை பயந்து வெட்டியிருப்பார், அதனால் கெஞ்சுகிறாள் என்று சொன்னேன் என்றார். கங்காணி வந்து கேட்டபோது, நம் ஆட்கள் குரல் எதுவும் வராது, பாட்டைப் போட்டு மூடிவிடுவார்கள் என்று அவருக்கும் ஒரு பொய் சொன்னாராம். ஜப்பான்காரன் காலத்தில் அவர் ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருந்தாராம், மாமாவைத் தம்பி என்று காட்டியபோது பக்கத்தில்தான் நின்றாராம்.

"அண்டைக்கு வாய் திறக்கப் பயம், பிள்ளை. திறக்கேல்லை. அதுக்கு இண்டைக்குத்தான் ஏதோ செய்தனான்" என்றார்.

கண்ணாடிக்குப் பின்னால் இப்படி ஒரு ஆள் இருந்தது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அந்த வாரம் முழுக்கப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து, அந்த ஒரு காட்சியைப் பார்த்துவிட்டு, பாதிப் படத்திலேயே எழுந்து போனார்கள் என்று பின்னால் சொன்னார்கள். கங்காணி சந்தைக்குப் போனால், அரிசி வாங்கவா என்று கேட்டுச் சிரித்தார்கள். எனக்கு அதைக் கேட்கக் கேட்க வயிறு குளிர்ந்தது.

தம்பி அடுத்த அமாவாசைக்கு வந்து, என் மாமாவுக்கு உடன்பிறந்தவனாக மொட்டை அடித்துக்கொண்டு, போர்ட்டிக்சன் கடற்கரையில் கருமாதி செய்தான். என் பேரில்தான் அவர் செத்தார், நான்தான் செய்ய வேண்டும் என்று ஐயரிடம் சொன்னான். அத்தை அங்கேதான் தாலியைக் கழற்றினாள். பெண்கள் அழுதார்கள், அவள் அழவில்லை. 'அவரு பொண்டாட்டியாத்தான் இருந்தேன்னு இன்னைக்குத்தான் ஒத்துக்கிட்டீங்க' என்று அவர்களைப் பார்த்துச் சொன்னாள்.

இரண்டொரு வருஷத்தில் கங்காணி மார்வலி வந்து செத்தார். கொள்ளி வைக்கத் தம்பியைக் கூப்பிட ஆள் போனது. அந்த அம்மா ஒரு வார்த்தை சொன்னால் வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டான். கோயில் பெரியவர்கள் அத்தையிடம் வந்து சொல்லிப் பார்த்தார்கள். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். கடைசியில் கங்காணியின் மனைவியே, தலைவிரிகோலமாக எங்கள் வீட்டுக்கு வந்து, அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். நீ சொன்னால் அவன் வருவான், ஒரு வார்த்தை சொல் தாயே என்று அழுதாள். அந்தக் கையை அத்தை உதறவில்லை.

"எம் புருஷனுக்கு அங்க யாரு கொள்ளி வச்சா?" என்று கேட்டாள்.

கங்காணியின் மனைவி கையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள். கொள்ளி வைக்க எவனோ ஒரு கூலி ஆளைத் தேடிப் பிடித்து வரும்வரை பிணம் கிடந்தது.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பிணத்தை எடுக்கும்வரை லயத்தில் யாரும் அடுப்பு மூட்ட மாட்டோம், பச்சைத் தண்ணிகூடப் பிள்ளைகளுக்கு ஒளித்துத்தான் கொடுப்போம். அன்று மத்தியானம் வரிசை வரிசையாக எந்த வீட்டிலும் புகை இல்லை. அத்தை எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். சோறு வடித்தாள். பிறகு எண்ணெய் காய்ந்ததும் கருவாட்டைப் போட்டுப் பொரித்தாள். வாசம் லயத்தைத் தாண்டிக் கங்காணி வீட்டுப் பந்தல்வரை போனது. மேளம் அடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட ஒரு தடவை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா வெட்கத்தில் வெளியே போய்விட்டார். அம்மா கதவைச் சாத்த ஓடினாள், திறந்தே இருக்கட்டும் என்று அத்தை சொல்லிவிட்டாள்.

எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். நான் இரண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.